பதினாறுக்குப் பிறகு

சாவு வீட்டுக்கு யாரும் பத்திரிகை அடித்து அழைப்பதில்லை. சேதி போன சிறிது நேரத்தில் பந்தல் எழும்பிவிடும், பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கும், ஐஸ் பெட்டி வந்து சேரும், இதற்கென்றே இருக்கிற ஒரு பெரியப்பாவோ மாமாவோ கையில் நோட்டும் போனுமாக உட்கார்ந்துவிடுவார். அந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பதால் காபி ஒரு வீட்டிலிருந்தும் இட்லி இன்னொரு வீட்டிலிருந்தும் வரும். தென் மாவட்டங்களில் துட்டி கேட்பது என்பார்கள், மதுரைப் பக்கம் கேதம் கேட்பது என்பார்கள். கல்யாணத்துக்கு வராதவனை ஊர் மன்னித்துவிடும், சாவுக்கு வராதவனை மன்னிக்காது. பால் தெளிப்பு, எட்டாம் நாள், பதினாறாம் நாள் காரியம் என்று ஆட்கள் வந்தபடியே இருப்பார்கள். பிறகு கருமாதிச் சாப்பாடு முடிந்து, வாடகைப் பாத்திரங்கள் திரும்பிப் போய், வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறியதும் எல்லாம் நின்றுவிடும். பிராமண வீடுகளில் பதின்மூன்று, யாழ்ப்பாணத்தில் முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டி, கிறிஸ்தவ, முஸ்லிம் வீடுகள் பலவற்றில் நாற்பது என்று கணக்கு மாறலாம். கணக்கு முடிந்த மறுநாள் அந்த வீடு தனியாகிவிடுவது மட்டும் எங்கும் மாறுவதில்லை.

துக்கத்துக்கு நம் சமூகம் தரும் துணை முழுவதும் முதல் சில வாரங்களிலேயே செலவாகிவிடுகிறது. துணை மிகவும் தேவைப்படும் காலமோ அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெருங்கியவரை இயற்கையான காரணங்களால் இழந்த 233 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2007இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 'இது நடந்ததா' என்ற நம்ப முடியாத திகைப்பு முதல் மாதத்தில்தான் உச்சத்தில் இருந்தது. இறந்தவருக்காக மனம் ஏங்குவது நான்காவது மாதத்தில் உச்சத்தைத் தொட்டது. கோபம் ஐந்தாவது மாதத்திலும், மனச்சோர்வு ஆறாவது மாதத்திலும் அதிகமாக இருந்தன. இவை சராசரிகள், எந்தத் தனிமனிதரும் இந்த அட்டவணைப்படிதான் துக்கப்பட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. கவனிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கணவனையோ மனைவியையோ இழந்த முதியவர்கள் என்பதும் ஒரு வரம்புதான். ஆனாலும் நம் ஊர் நாள்காட்டியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திகைப்பில் இருப்பவரைச் சுற்றி நூறு பேர் உட்கார்ந்திருக்கிறோம். ஏக்கத்திலும் சோர்விலும் இருப்பவரின் பக்கத்தில் யாரும் இல்லை.

இதைவிடப் பழைய, இதைவிடக் கடுமையான சான்று ஒன்றும் உண்டு. பிரிட்டனில் 55 வயதைக் கடந்து மனைவியை இழந்த 4,486 ஆண்களைப் பற்றிய ஆய்வு 1969இல் வெளிவந்தது. காலின் மர்ரே பார்க்ஸ் என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் செய்தது. மனைவி இறந்த முதல் ஆறு மாதங்களில் இந்த ஆண்களிடையே நேர்ந்த மரணங்கள், அதே வயதுடைய மணமான ஆண்களிடம் எதிர்பார்க்கத்தக்க அளவைவிட 40 சதவீதம் அதிகமாக இருந்தன. அதிகப்படியான மரணங்களில் பெரும்பங்கு இதய நோய்களால் நேர்ந்தவை. ஆறு மாதத்துக்குப் பிறகு அந்த வேறுபாடு மெல்லக் குறைந்து மறைந்தது. 'அம்மா போன ஆறே மாசத்தில் அப்பாவும் போய்விட்டார்' என்று நம் குடும்பங்களில் சொல்லக் கேட்கிறோமே, அது வெறும் தற்செயல் இல்லை. துணையை இழந்தவர்களுக்கு உயிராபத்து கூடுகிறது என்பதும், பெண்களைவிட ஆண்களுக்கு அது அதிகம் என்பதும் பின்னர் பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. சமைக்கத் தெரியாத, மாத்திரையை வேளைக்கு எடுத்துத் தர ஆளில்லாத, மனைவி வழியாக மட்டுமே உறவுகளோடு பேசிப் பழகிய ஒரு முதியவரின் நான்காவது மாதத்தை நினைத்துப் பார்த்தாலே காரணம் பாதி புரிந்துவிடும்.

ஏன் இந்தத் தாமதம்? முதல் நாட்களில் வேலை இருக்கிறது. யாருக்குச் சொல்வது, எந்த மயானம், காரியத்துக்கு எத்தனை பேர் என்று ஒன்று முடிய ஒன்று வரும். பிறகு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, ரேஷன் கார்டில் பெயர் நீக்கம் என்று அலுவலக வாசல்கள். மரத்துப்போன மனதோடு இவற்றையெல்லாம் செய்துவிடலாம், செய்துவிடுகிறார்கள். 'எவ்வளவு தைரியமா இருக்கா பாரு' என்று பார்ப்பவர்கள் பாராட்டவும் செய்கிறார்கள். இல்லாமை உறைப்பது கைக்கு வேலை குறையும்போதுதான். துக்கத்தின்போது மூளையில் என்ன நடக்கிறது என்று ஆராய்ந்துவரும் அமெரிக்க உளவியலாளர் மேரி ஃபிரான்சிஸ் ஓகானர் இதை நன்றாக விளக்குகிறார். நமக்கு நெருங்கியவர் எங்கே இருப்பார், எப்போது வருவார் என்பதை மூளை ஆண்டுக்கணக்கில் கற்று வைத்திருக்கிறது. அவர் இறந்துவிட்டார் என்று ஒரு நொடியில் தெரிந்துகொள்ளலாம், ஆனால் அந்தப் பழைய எதிர்பார்ப்பு ஒரு நொடியில் அழிவதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டதும் தலை வாசல் பக்கம் திரும்புகிறது. நல்ல செய்தி வந்ததும் கை போனில் அந்த எண்ணைத் தேடுகிறது. ஒவ்வொரு முறையும் எதிர்பார்ப்பு பொய்த்து, பொய்த்துத்தான் மூளை புதிய நிலைமையைப் படிக்கிறது. முதல் தீபாவளி, முதல் பிறந்தநாள், முதல் மழைக்காலம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து போக வேண்டியிருக்கிறது. பதினாறு நாளில் நடக்கிற படிப்பு இல்லை இது.

இருந்தும் 'நடந்தது நடந்துபோச்சு, இனி ஆக வேண்டியதைப் பார்' என்ற புத்திமதி பதினேழாம் நாளே வந்துவிடுகிறது. துக்கம் என்பது முடித்துவிட வேண்டிய ஒரு வேலை என்ற எண்ணம்தான் இதன் அடியில் இருக்கிறது. இந்த எண்ணத்துக்கு மேற்கத்திய உளவியலும் வெகுகாலம் முட்டுக்கொடுத்தது. சிக்மண்ட் ஃபிராய்ட் 1917இல் வெளியிட்ட கட்டுரையில், துக்கத்தின் பணி இறந்தவரிடமிருந்து மனதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி எடுப்பது என்றார். அது முடிந்ததும் மனம் வேறு ஒருவரிடம் பற்று வைக்க விடுதலை பெறும். கட்டுரை வெளிவந்து மூன்று ஆண்டுகளுக்குள் அவருடைய மகள் சோஃபி விஷக்காய்ச்சலில் இறந்தாள். 1923இல் சோஃபியின் சின்ன மகனும் இறந்தான். 1929இல், சோஃபி உயிரோடிருந்தால் 36 வயது நிறைந்திருக்கும் நாளில், மகனைப் பறிகொடுத்த நண்பர் ஒருவருக்கு ஃபிராய்ட் கடிதம் எழுதினார். போனவருக்கு ஈடு ஒருபோதும் கிடைக்காது, அந்த இடத்தை எது நிரப்பினாலும் அது வேறொன்றாகவே இருக்கும், அப்படி இருப்பதுதான் சரி என்ற கருத்தை அதில் சொல்லியிருந்தார். கட்டுரையில் தந்த கோட்பாட்டைக் கடிதத்தில் அவரே கடந்துவிட்டார் என்றுதான் இதைப் படிக்கத் தோன்றுகிறது. ஆனால் மருத்துவ உலகம் கட்டுரையைத்தான் பிடித்துக்கொண்டது.

இன்று படித்தவர்களிடையே புழங்குகிற 'துக்கத்தின் ஐந்து கட்டங்கள்' கதையும் இப்படித்தான். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற வரிசையை எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969இல் ஒரு புத்தகத்தில் முன்வைத்தார். அவர் பேசியது சாவை எதிர்நோக்கி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த நோயாளிகளிடம். அவர்களை இழந்து வீட்டில் இருப்பவர்களிடம் அல்ல. தன் சாவை எதிர்கொள்பவருக்குச் சொன்னதை, பிறர் சாவைச் சுமப்பவருக்குத் தூக்கிப் பொருத்திவிட்டார்கள். முன்னே சொன்ன யேல் ஆய்வு இதைச் சோதிக்கவே செய்யப்பட்டது. 'ஏற்பு' கடைசியில் வருகிற கட்டமாக இருக்கவில்லை, ஆரம்பத்திலிருந்தே மற்ற எல்லாவற்றையும்விட மிகுந்திருந்தது. ஏங்கிக்கொண்டே ஏற்றுக்கொள்கிறார்கள், ஏற்றுக்கொண்டே கோபப்படுகிறார்கள். மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் என்ற இரு நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999இல் சொன்ன விளக்கம் இன்னும் பொருத்தமானது: துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார். காலையில் அழுதவர் மதியம் சீரியல் பார்த்துச் சிரித்தால் அது போலித்தனம் இல்லை, இரண்டுமே துக்கத்தின் பகுதிதான்.

ஃபிராய்டின் கழற்றி எடுக்கும் கோட்பாட்டுக்கு எதிராக 1996இல் டென்னிஸ் கிளாஸ் முதலான மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு நூலைத் தொகுத்தார்கள். இறந்தவரோடு உள்ள உறவு அறுவதில்லை, உருமாறித் தொடர்கிறது, அப்படித் தொடர்வது நோயல்ல என்பது அதன் சாரம். இதை நிறுவ ஆய்வுலகம் எண்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது ஒரு தமிழனுக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆடி அமாவாசையன்று ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்திலும் யாழ்ப்பாணம் கீரிமலையிலும் நிற்கிற கூட்டத்துக்கு இது புதுச் செய்தியா? ஈழத்தில் தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி என்று விரத நாளே தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். இறந்தவரின் வாழ்க்கையைச் சொல்லும் கல்வெட்டு என்ற நினைவு மலரை அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்கள் பூவும் மெழுகுவர்த்தியுமாக நிறைந்துவிடுகின்றன. நாளிதழில் 'முதலாம் ஆண்டு நினைவஞ்சலி' மட்டுமா வருகிறது? பத்தாம் ஆண்டு, இருபதாம் ஆண்டு என்று, இறந்தவரையே முன்னிலைப்படுத்திப் பேசும் வாசகங்களோடு வருகிறது. நகர்ப்புறத்து இளைஞர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. சிரிக்க அதில் ஒன்றுமில்லை. ஜப்பானில், கணவரைச் சாலை விபத்தில் இழந்த டோக்கியோ பெண்களிடம் 1969இல் பேசிய மருத்துவர்கள், வீட்டிலுள்ள முன்னோர் மாடத்தின் முன் உட்கார்ந்து இறந்தவரோடு பேசும் வழக்கம் அவர்களுக்குத் துணையாக இருந்ததைப் பதிவு செய்தார்கள்.

அப்படியானால் நம் வழக்கங்களே போதுமே, குறை சொல்வானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். உறவு தொடர்கிறது என்பதை நம் மரபு அறிந்திருக்கிறது, உண்மை. ஆனால் இருப்பவருக்குத் துணை வேண்டும் என்பதை அது முதல் சில நாட்களோடு நிறுத்திக்கொண்டது. திவசத்துக்கு ஐயர் வருவார், காக்கைக்குச் சோறு வைப்பார்கள், பிள்ளைகள் கூடுவார்கள். பதினாறாம் நாள் வரை வந்த ஊர் அன்றைக்கு வராது. இன்னும் ஒன்றுண்டு. சடங்குகள் எல்லோரையும் ஒரே மாதிரி தேற்றவில்லை. கணவனை இழந்த பெண்ணுக்குப் பல சாதிகளில் கருமாதி நாள் என்பது பூவும் பொட்டும் தாலியும் ஊர் பார்க்கக் களையப்படும் நாள். அதற்குப் பிறகு சொந்த மகளின் கல்யாணத்திலேயே அவள் ஓரமாக நிற்க வேண்டியிருந்தது, சில வீடுகளில் இன்றும் இருக்கிறது. இதைத் தேறுதல் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஒப்பாரியையே எடுத்துக்கொள்ளலாம். மனதில் உள்ளதைக் கொட்டித் தீர்க்கும் அற்புதமான வடிகால் என்று அதைப் புகழ்வது வழக்கம். தென்னார்க்காட்டுக் கிராமங்களில் ஒப்பாரி பாடுபவர்களை நேரில் ஆராய்ந்து 2005இல் நூல் எழுதிய மானிடவியலாளர் இசபெல் கிளார்க் டெசே வேறு ஒன்றைக் கவனித்தார்: பெண்கள் பெரும்பாலும் தங்கள் சொந்தக் குறைகளைத்தான் அழுகிறார்கள். பிறந்த வீட்டில் நடந்த ஓரவஞ்சனை, புகுந்த வீட்டில் பட்ட பாடு, சகோதரன் கைவிட்டது எல்லாம் அந்தப் பாட்டில் வருகின்றன. மற்ற நாட்களில் வாய் திறக்க முடியாதவளுக்குச் சாவு வீடு ஒரு மேடையைத் தருகிறது. அந்த மேடையும் பிணத்தை எடுத்ததும் கலைந்துவிடுகிறது என்பதுதான் நம் வாதத்துக்கு முக்கியம்.

வழக்கம் என்றால் மாற்ற முடியாததா? மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்து ஹெர்வாட் என்ற கிராமத்தின் பஞ்சாயத்து 2022 மே மாதம், கணவனை இழந்த பெண்ணின் வளையலை உடைப்பது, பொட்டை அழிப்பது, தாலியைக் கழற்றுவது ஆகியவற்றுக்குத் தடை விதித்துத் தீர்மானம் போட்டது. ஒரு பஞ்சாயத்தால் வேண்டாதது ஒன்றை நிறுத்த முடியும் என்றால், வேண்டியது ஒன்றை ஒரு தெருவோ ஒரு குடும்பமோ சேர்த்துக்கொள்ளவும் முடியும்.

சடங்கின் கணக்கிலேயே வராதவர்களும் இருக்கிறார்கள். கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் 1989இல் இதைப் பற்றி ஒரு நூல் தொகுத்தார். சமூகம் அங்கீகரிக்காத துக்கம் என்பது அவருடைய கருத்து. நண்பன் இறந்தால் நமக்குத் தீட்டு இல்லை, லீவு இல்லை, நம்மிடம் வந்து துக்கம் கேட்பாரும் இல்லை. ஊருக்குத் தெரியாத காதலில் ஒருவர் போய்விட்டால் மற்றவர் கூட்டத்தில் ஒருவராகக்கூட நிற்க முடியாது. கருச்சிதைவானவளிடம் 'அடுத்தது நல்லபடியா பிறக்கும்' என்கிறோம். விவாகரத்தான கணவர் இறந்ததற்கு அழுகிறவளை விநோதமாகப் பார்க்கிறோம். ஆஸ்திரேலியாவில் 26,000க்கும் மேற்பட்டவர்களின் பல்லாண்டுத் தரவுகளை வைத்து 2019இல் வெளிவந்த ஆய்வு, நெருங்கிய நண்பரின் மரணம் உடல்நலத்திலும் மனநலத்திலும் நான்கு ஆண்டுகள் வரை தடம் பதிக்கிறது என்றது. சங்கப் புலவர்களுக்கு இந்தத் தரவு தேவைப்பட்டிருக்காது. புறப்பாடல்களில் கையறுநிலை என்று ஒரு துறையே இருக்கிறது. பாரி இறந்தபின் கபிலர் பாடியவை அந்தத் துறையில் வருகின்றன. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விட்டபோது, நேரில் பார்த்தே பழகாத பிசிராந்தையார் வந்து உடன் உயிர்விட்டதைப் பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்திருப்போம். அதிகம் பேசப்படாதவர் பொத்தியார். சோழனோடு வடக்கிருக்க வந்தவரை, மனைவி பிள்ளை பெற்றபின் வா என்று சோழனே திருப்பி அனுப்பிவிட்டான். அரசன் இல்லாத உறையூரைப் பார்த்து அவர் கலங்கிப் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. இறந்தவனோடு அவருக்கு ரத்த உறவு இல்லை. இருந்தும் அந்தக் காலத்து இலக்கியம் அவருடைய துக்கத்துக்கு இடம் கொடுத்தது, இன்றைய அலுவலக விடுப்புப் படிவம் கொடுக்காது.

விடுப்பைப் பற்றிச் சொன்னால், பிரிட்டனில் 2020 ஏப்ரல் முதல், 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை இழந்த பெற்றோருக்கு இரண்டு வார விடுப்பு சட்டப்படியான உரிமை. இந்தியாவில் மத்திய அரசு 2022 செப்டம்பரில், குழந்தை இறந்தே பிறந்தாலோ பிறந்தவுடன் இறந்தாலோ தன் பெண் ஊழியர்களுக்கு 60 நாள் சிறப்பு விடுப்பு அளித்தது. நல்ல தொடக்கம்தான். தனியார் கம்பெனியிலும் கடையிலும் வேலை பார்ப்பவர்களுக்கு எல்லாம் முதலாளியின் மனசைப் பொறுத்தது. தினக்கூலிக்காரருக்கு அதுவும் இல்லை.

இத்தனையும் சொன்ன பிறகு வருகிற முக்கியமான ஆட்சேபம் வேறு. மூன்று மாதம் கழித்துப் போய்ப் பேச்செடுத்தால் ஆறிவரும் புண்ணைக் கிளறுவது ஆகாதா? அவர்களே மறந்திருப்பார்களே? இந்த ஆட்சேபத்துக்குப் பின்னால் அன்புதான் இருக்கிறது, ஆனால் அனுமானம் தவறு. நான்காவது மாதத்தில் ஏக்கம் உச்சத்தில் இருக்கிற ஒருவருக்கு நாம் போய் ஞாபகப்படுத்த ஒன்றுமில்லை. ஞாபகம் அங்கேயே இருக்கிறது, பேச ஆள்தான் இல்லை. இறந்தவரின் பெயரைச் சொல்ல நாம் தயங்குவதைப் பார்த்து அவர்களும் நம் முன்னால் சொல்லத் தயங்குகிறார்கள். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்து ஊமையாகிவிடுகிறார்கள்.

இதன் மறுபக்கமாக இன்னொரு ஆட்சேபம் உண்டு, அது இன்னும் வலுவானது. பெரும்பாலோர் தாமாகவே தேறிவிடுகிறார்களே, அவர்களுக்கு எதற்கு இவ்வளவு ஏற்பாடு? ஜார்ஜ் பொனானோ என்ற உளவியலாளர், துணையை இழந்த அமெரிக்க முதியவர்களை, இழப்புக்கு முன்பிருந்தே திரட்டிய தரவுகளை வைத்து ஆராய்ந்தார். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் பெரிய நிலைகுலைவு இல்லாமலே இழப்பைத் தாங்கிக்கொண்டார்கள் என்பது அவருடைய 2002ஆம் ஆண்டு முடிவு. அழாதவர் எல்லாவற்றையும் உள்ளே போட்டு அடக்கிவைத்திருக்கிறார், பின்னால் வெடிக்கும் என்ற நம்பிக்கைக்கும் அவர் ஆதாரம் காணவில்லை. இந்த முடிவை முழுமனதோடு ஏற்க வேண்டும். 'தகப்பன் செத்ததுக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரலியே' என்று பந்தலில் உட்கார்ந்து கணக்கெடுப்பவர்கள் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டிய செய்தி இது. அழச் சொல்லி வற்புறுத்துவதும் அழாதே என்று அடக்குவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். ஆனால் தேறிவிடுகிறார்கள் என்பது துணை வேண்டாம் என்பதற்கு வாதமாகாது. நாம் கேட்பது சிகிச்சை இல்லை. ஒரு மதியம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவது யாரையும் நோயாளியாக்குவதில்லை; பேச விருப்பமில்லாதவரிடம் கிரிக்கெட் பேசிவிட்டு வரலாம். யார் தேறுவார், யார் தேற மாட்டார் என்பது பதினாறாம் நாளில் யாருக்கும் தெரியாது. போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

தேறாதவர்கள் இருக்கிறார்கள். இயற்கை மரணங்களில் உறவினரை இழந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத் துக்கம் தணியாமல் வாழ்க்கையையே முடக்கிப்போடுகிறது என்று 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணித்தார்கள். தற்கொலை, கொலை, விபத்து, பிள்ளையின் சாவு என்றால் ஆபத்து இன்னும் அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும், 2022இல் திருத்தப்பட்ட அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடும் இதை 'நீடித்த துக்கக் கோளாறு' என்று சேர்த்துக்கொண்டன. முன்னது குறைந்தது ஆறு மாதம், பின்னது பெரியவர்களுக்குக் குறைந்தது ஒரு வருடம் என்று வரையறுக்கிறது. துக்கத்தையும் மருந்துக் கடைக்கு அனுப்பிவிட்டார்களே என்று இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்தப் பயத்தில் அர்த்தம் உண்டு. ஒரு வருடம் என்ற கோடு எல்லாப் பண்பாடுகளுக்கும் பொருந்தாது. வருஷத் திவசம் வரை நல்ல காரியம் எதுவும் செய்யாத நம் வீடுகளில் ஒரு வருடத் துக்கம் இயல்பானது. அந்தந்தப் பண்பாட்டு வழக்கத்தை மீறியதாக இருக்க வேண்டும் என்று கையேடே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. அந்தப் பெயர் இல்லாதிருந்தால் சாதாரண மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்துத்தான் அனுப்பியிருப்பார்கள். கேத்ரின் ஷியர் என்ற மருத்துவர் துக்கத்துக்கென்றே வடிவமைத்த, பதினாறு அமர்வுகள் கொண்ட பேச்சு முறை சிகிச்சையை 2005இல் சோதித்தபோது, அதைப் பெற்றவர்களில் 51 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்தது. மனச்சோர்வுக்கான வழக்கமான பேச்சு சிகிச்சை பெற்றவர்களில் 28 சதவீதம் பேருக்குத்தான் தெரிந்தது. பெயர் சரியாக இருந்தால் வைத்தியமும் சரியாக அமைகிறது.

கணக்கைத் தொடங்கவே முடியாத துக்கம் என்றும் ஒன்று உண்டு. இலங்கையில் போரின்போதும் அது முடிந்த 2009 மே மாதத்திலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார், 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் உட்கார்ந்து தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. உயிரோடு இருக்கிறானா என்று தெரியாத மகனுக்கு அந்தியேட்டி செய்தால், தாயே அவனைக் கொன்றதாக ஆகிவிடும். செய்யாவிட்டால் துக்கத்துக்குத் தொடக்கமே இல்லை. வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராயத் தொடங்கிய பாலின் பாஸ் இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். மரணச் சான்றிதழை வாங்க மறுத்த குடும்பங்களுக்காக, காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்றை 2016இல் இலங்கை சட்டமாக்கியது. தாய்மார் கேட்டது காகிதம் அல்ல, பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்ற பதில். அந்தப் பதில் தெரியாத இடத்தில் 'மறந்துவிட்டு முன்னேறுங்கள்' என்று சொல்பவர் ஆறுதல் சொல்லவில்லை, பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறார். கொரோனா காலத்தில் தமிழ்நாட்டிலும் பல ஆயிரம் குடும்பங்கள் முகம் பார்க்காமல், தொடாமல் விடைகொடுத்தன. 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கும்பல் தாக்கியது. கௌரவமான அடக்கம் வாழ்வுரிமையின் பகுதி என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. அந்தக் குடும்பங்களுக்குப் பதினாறு நாள் கூட்டம்கூடக் கிடைக்கவில்லை. அவர்களில் பலரிடம் இன்று போய்த் துக்கம் கேட்டாலும் அது தாமதமாகாது.

செய்ய வேண்டியது செலவு பிடிக்கிற காரியமில்லை. கருமாதிக்குப் போய்விட்டு வந்த கையோடு காலண்டரில் மூன்று, நான்கு மாதம் தள்ளி ஒரு தேதியைக் குறித்து வையுங்கள். அந்த வருடம் பண்டிகை கொண்டாடாத வீட்டுக்குப் போவானேன் என்று ஒதுங்காமல், தீபாவளியன்றே ஒரு நடை போய் வாருங்கள். 'ஏதாவது வேணும்னா சொல்லுங்க' என்பதை விட்டுவிட்டு, பென்ஷன் ஆபீசுக்குக் கூட வருகிறேன் என்று சொல்லுங்கள். துக்கத்தில் இருப்பவர் எதையும் கேட்டு வாங்க மாட்டார். இறந்தவர் பெயரைச் சொல்லி அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் அப்பா ஊருக்குப் போயிருக்கிறார் என்று பொய் சொல்லாதீர்கள், வரமாட்டார் என்பதை வேறு யாரோ பள்ளிக்கூடத்தில் சொல்லித் தெரிந்துகொள்வார்கள். இறந்தவரின் நண்பர்களையும் விசாரியுங்கள். மாதங்கள் கடந்தும் சாப்பாடு, தூக்கம், வேலை எதுவும் திரும்பாமல், தானும் போய்விட வேண்டும் என்ற பேச்சு வந்தால் தாமதிக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.